சிறு வணிகமும் தானியங்கி மின்னஞ்சலும்

கடிதத்தின் மூலம் வியாபாரம் நடத்துவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1877-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பொருளை வாங்குவோர் வீட்டிற்கே கொண்டு சேர்த்து, விலையை அவரிடம் பெற்று, அனுப்பிய வணிகருக்கு அத்தொகையைச் செலுத்துவது அம்முறை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1879-இல், காலணா விலையில் தபாலட்டையும் வந்து சேர்ந்தது. இவ்விரண்டின் துணையால் புத்தகமும் மருந்தும் விற்ற வணிகர் பலர் தம் ஊர் எல்லைக்கு அப்பாலும் வாடிக்கைக்காரர்களைப் பெற்றனர். அத்தகைய வணிகரின் மேஜையில், பணப்பெட்டிக்கு அடுத்தபடி மதிப்புப் பெற்றிருந்தது விலாசக் குறிப்பேடு. இவர் எந்த ஊரார், சென்ற முறை எதை வாங்கினார், அடுத்து எப்போது எழுதுவார் என்னும் செய்திகள் அதில் இருந்தன; அதில் இல்லாதவை வணிகரின் நினைவில் இருந்தன.

இன்று தபாலட்டையின் இடத்தில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. விலாசக் குறிப்பேடு கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. குறிப்பேட்டைப் பார்த்து, உரிய நாளில் உரியவருக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தாவின் வேலையையும் இயந்திரமே ஏற்றுக்கொண்டுள்ளது. இதனையே தானியங்கி மின்னஞ்சல் முறை என்கிறோம். கைமுதல் குறைந்த ஒரு சிறு வணிகருக்கு இக்கருவி எவ்வாறு உதவுகிறது, எந்த இடத்தில் அவருக்கே கேடு விளைவிக்கக்கூடும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

முதலில் மின்னஞ்சலின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பும் முறையை 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். பெயரையும் இடத்தையும் பிரித்துக் காட்ட இன்று நாம் மின்னஞ்சல் முகவரியில் இடும் சுழியெழுத்துக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. ஏழு ஆண்டுகள் கழித்து, 1978 மே மாதத்தில், கணிப்பொறி விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளைப் பற்றிச் சுமார் 400 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே, ஒரே செய்தியை அனுப்பினார். பெற்றவர்களுள் பலர் சினங்கொண்டனர். மின்னஞ்சல் விளம்பரம், வேண்டாத அஞ்சல் ஆகிய இரண்டும் ஒரே நாளில் பிறந்த இரட்டைக் குழந்தைகள் என்றே கூறலாம். இரண்டையும் வேறுபடுத்துவது பெறுவோரின் சம்மதம் ஒன்றே. நாம் இங்கு கூறப்போவன யாவும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே அமையும்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளில், பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த கடிதப் போக்குவரத்து வசதி, இரண்டு மூன்று பேர் கொண்ட கடைக்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டது.

தானியங்கி முறை என்றால் யாது? அதன் உட்பொருள் மிக எளிது. அதில் நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது, ஒரு நிகழ்ச்சி. ஒருவர் தம் முகவரியைப் பதிவு செய்கிறார், அல்லது ஒரு பொருளை வாங்குகிறார். இரண்டாவது, காத்திருக்கும் காலம். ஒரு மணி நேரமோ, இருபது நாட்களோ. மூன்றாவது, ஒரு நிபந்தனை. இடையில் அவர் மறுபடியும் வாங்கிவிட்டாரா, இல்லையா என்பது போன்றது. நான்காவது, கடிதம். 'இது நடந்தால், இத்தனை நாள் பொறுத்து, இன்னது உண்மையானால், இக்கடிதத்தை அனுப்புக' என்று வணிகர் ஒருமுறை எழுதி வைக்கிறார். பின்னர் அவர் உறங்கினாலும் வெளியூர் சென்றாலும் அக்கட்டளை நிறைவேறிக்கொண்டேயிருக்கும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். வட வங்காளத்தில் இமயத்தின் அடிவாரத்தில் உள்ள ஸிலிகுரி நகரில் ஒரு சிறு தேயிலை வணிகர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் டார்ஜிலிங் மலைத் தோட்டங்களிலிருந்து தேயிலையை வாங்கி, சிறு தகரப் பெட்டிகளில் அடைத்து, தம் இணையக் கடையின் மூலம் தில்லி, புனே, பெங்களூர் முதலிய நகரங்களில் உள்ள குடும்பங்களுக்கு அனுப்புகிறார். கடையில் அவரும் அவர் மனைவியும் ஓர் உதவியாளும்தான். இவ்வணிகத்தை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. டார்ஜிலிங் தேயிலைக்குப் பருவங்கள் இருக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதற் பறிப்பு. அதன் நீர் வெளிறிய பொன்னிறமாகவும் மணம் மென்மையாகவும் இருக்கும். மே, ஜூன் மாதங்களில் இரண்டாம் பறிப்பு. அது நிறமும் சுவையும் மிக்கது. அடுத்து மழைக்காலப் பறிப்பு, இறுதியாக இலையுதிர்காலப் பறிப்பு. ஆகவே, எந்த மாதத்தில் எதைப் பற்றி எழுதுவது என்பது இவ்வணிகருக்கு இயற்கையிலேயே அமைந்துவிடுகிறது.

இவர் அனுப்பத்தக்க கடிதங்களை வரிசையாகக் காண்போம். ஒருவர் தம் முகவரியைத் தாமே பதிவு செய்த சில நிமிடங்களுக்குள் செல்வது வரவேற்புக் கடிதம். கடையின் பெயரை வாடிக்கைக்காரர் மறப்பதற்கு முன்பே அது சென்று சேர்வதால், மற்றக் கடிதங்களைவிட அதனைப் படிப்போர் மிகுதி. அதில் நீண்ட விளம்பரம் வேண்டியதில்லை. நாங்கள் யார், எந்தத் தோட்டங்களிலிருந்து வாங்குகிறோம், மாதத்திற்கு எத்தனை கடிதம் எழுதுவோம், வேண்டாமென்றால் எவ்வாறு நிறுத்தலாம் ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

இரண்டாவது, வாங்கும் எண்ணத்தோடு பொருளைக் கூடையில் இட்டுவிட்டு, பணம் செலுத்தாமல் சென்றவருக்கு எழுதும் நினைவூட்டல். மின்சாரம் நின்றிருக்கலாம்; வங்கியின் ரகசிய எண் வந்து சேராதிருக்கலாம்; தபால் செலவைப் பார்த்துத் தயங்கியிருக்கலாம். சில மணி நேரம் கழித்து, 'தாங்கள் தேர்ந்த பொருள் எடுத்து வைக்கப்பட்டுள்ளது. ஏதேனும் இடையூறு நேர்ந்ததா?' என்று கேட்பது மரியாதை. அடுத்தடுத்து ஐந்து முறை கேட்பது மரியாதையன்று. அது கடையை விட்டு இறங்கியவரைத் தெருக்கோடி வரை துரத்துவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, பொருள் சென்று சேர்ந்த பின் எழுதுவது. நுட்பமான முதற் பறிப்புத் தேயிலையைக் கொதிக்கும் நீரில் நெடுநேரம் ஊறவிட்டால் கசப்பேறும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினால் அதன் மணம் தெரியாமற் போகும். விலை கொடுத்து வாங்கியவர் இதனை அறியாமல் தேயிலையைக் குறை கூறக்கூடும். கொதி அடங்கிய நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைக்குமாறு கூறும் ஒரு சிறு கடிதம் அக்குறையை வருமுன் காக்கிறது. இக்கடிதம் எதையும் விற்பதில்லை. ஆயினும் அடுத்த விற்பனைக்கு இதுவே அடிப்படையாகிறது.

நான்காவது, பொருள் தீரும் சமயத்தில் எழுதும் கடிதம். தானியங்கி முறையின் நுட்பம் இங்குதான் நன்கு விளங்கும். ஒரு கோப்பைக்கு 2.5 கிராம் எனக் கொண்டால், 250 கிராம் பெட்டியில் 100 கோப்பைகள் உள்ளன. கணவனும் மனைவியும் காலையும் மாலையும் ஒவ்வொரு கோப்பை அருந்தினால், நாளொன்றுக்கு 4 கோப்பை. பெட்டி 25 நாட்களில் தீரும். சரக்கு சென்று சேர 5 நாள் பிடிக்குமாயின், பெட்டி கைக்குக் கிடைத்த 20-ஆம் நாளில் கடிதம் செல்லவேண்டும். பத்தாம் நாளில் சென்றால் அது தொந்தரவு. முப்பதாம் நாளில் சென்றால் அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். ஒரே ஆள் ஒருவேளை மட்டும் அருந்தும் வீட்டில் அதே பெட்டி 100 நாட்கள் வரும். ஆகையால், எல்லோருக்கும் ஒரே நாளைக் குறிக்காமல், அவரவர் முன்பு வாங்கிய இரு தேதிகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் கொண்டே இயந்திரத்திற்குக் கட்டளையிட வேண்டும். பழைய மளிகைக்கடைக்காரர் பத்து வீடுகளின் வழக்கத்தை நினைவில் வைத்திருந்தார். ஆயிரம் வீடுகளின் வழக்கத்தை நினைவில் வைத்திருக்க இக்கருவி உதவுகிறது.

ஐந்தாவது, பருவ அறிவிப்பு. முதற் பறிப்பு வந்துவிட்டது, இன்ன தோட்டத்தில் இன்ன வாரத்தில் பறித்தது என்று எழுதுவது. டார்ஜிலிங் தேயிலை நம் நாட்டில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2004-ஆம் ஆண்டில் அப்பதிவு நிகழ்ந்தது. தேயிலை வாரியம் அங்கீகரித்த 87 தோட்டங்களின் இலைக்கே அப்பெயர் உரியது. ஆயினும் வேறு இடத்து இலையும் அதே பெயரில் விற்கப்படுகிறது என்னும் குறை நீங்கவில்லை. இந்நிலையில் தோட்டத்தின் பெயரும் பறித்த காலமும் உண்மையாக எழுதப்பட்ட கடிதம், வாங்குவோருக்கு ஒரு சான்று போன்றது. ஆறாவதும் கடைசியுமானது, நெடுநாள் வாராத வாடிக்கைக்காரருக்கு எழுதும் விசாரிப்பு. அதற்கும் மறுமொழி இல்லையேல், அவர் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கிவிடுவதே நன்று.

சிறு வணிகருக்கு இதனால் விளையும் முதல் நன்மை, வாடிக்கைக்காரரோடு ஏற்படும் நேரடி உறவு. பெரிய இணையச் சந்தைகளின் வாயிலாக விற்பவர் அச்சந்தைக்குத் தரகு கொடுக்கிறார். அப்படியிருந்தும் வாங்கியவருக்குத் தாமே கடிதம் எழுதும் உரிமை பெரும்பாலும் அவருக்குக் கிட்டுவதில்லை. நாளை அச்சந்தை தன் விதிகளை மாற்றினால், அல்லது அவருடைய சரக்கைப் பின்வரிசைக்குத் தள்ளினால், அவர் செய்யக்கூடியது சிறிதே. தம் குறிப்பேட்டில் ஐந்நூறு பேரின் முகவரியை அவர்கள் சம்மதத்தோடு வைத்திருப்பவருக்கு அத்தகைய அச்சம் குறைவு. கடையை வேறு இடத்திற்கு மாற்றினாலும் அக்குறிப்பேடு அவருடன் செல்லும்.

ஆனால் ஆதாயத்தைக் கணக்கிடுவதில் ஏமாற்றம் கூடாது. கருவியை விற்கும் நிறுவனங்கள், கடிதம் பெற்ற பின் நடந்த விற்பனை முழுவதையும் கடிதத்தின் பயன் என்று காட்டுவதுண்டு. அது சரியன்று, கடிதம் செல்லாவிட்டாலும் சிலர் வாங்கியிருப்பார்கள். எனவே ஒரு சோதனை செய்யலாம். பெட்டி தீரும் நிலையில் உள்ள 400 பேரைக் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரித்து, 200 பேருக்குக் கடிதம் அனுப்பி, மற்ற 200 பேருக்கு அனுப்பாமல் விட்டுப் பார்க்கட்டும். முதற் பாதியில் 30 பேரும், இரண்டாம் பாதியில் 18 பேரும் வாங்கியதாக வைத்துக்கொண்டால், கடிதத்தின் பயன் 30 அன்று, 12 மட்டுமே. ஒவ்வொரு பெட்டியிலும் நிகர ஆதாயம் ரூ.120 என்றால், கடிதம் ஈட்டித் தந்தது ரூ.1,440. நானூறு பேருக்கும் அனுப்பியிருந்தால் இது ரூ.2,880 ஆகியிருக்கலாம். கருவிக்குக் கொடுக்கும் மாதக் கட்டணத்தையும், கடிதம் எழுதச் செலவான நேரத்தையும் இத்தொகையோடு ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டும். எண்கள் சிறியவையாதலால் ஒரு மாதக் கணக்கை மட்டும் நம்பாமல், சில மாதங்கள் தொடர்ந்து பார்ப்பது அவசியம். மேலே கூறியவை விளக்கத்திற்காக நாம் அமைத்த எண்களே. கணக்கிடும் முறைதான் இங்கு முக்கியம்.

கடிதத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்னும் கணக்கையும் முழுதும் நம்பலாகாது. கடிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை வைத்து, அது வாசகரின் கருவியில் தோன்றும்போது 'திறக்கப்பட்டது' என்று குறிப்பது வழக்கம். 2021-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் மின்னஞ்சல் செயலியில் கொணர்ந்த அந்தரங்கப் பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, வாசகர் கடிதத்தைப் பாராவிட்டாலும் அப்படங்களை நிறுவனத்தின் கணிப்பொறிகளே முன்கூட்டி இறக்கிக்கொள்கின்றன. ஆகவே, எத்தனை பேர் மறுமொழி எழுதினர், எத்தனை பேர் வாங்கினர், எத்தனை பேர் விலகினர் என்பவையே நம்பத்தக்க அளவுகோல்கள்.

இனிச் சம்மதத்தைப் பற்றிப் பேசுவோம். சிறு வணிகர் பலரிடம், 'ஒரு லட்சம் முகவரிகள் தருகிறோம், சில ஆயிரம் ரூபாய் கொடுங்கள்' என்று சொல்லி வருவோர் உண்டு. அழையாத வீட்டில் நுழையும் விருந்தாளியை யாரும் விரும்புவதில்லை. அம்முகவரிகளுக்கு உரியவர்கள் இவ்வணிகரின் பெயரையே கேட்டிராதவர்கள். அவர்களுள் சிலர் 'இது வேண்டாத அஞ்சல்' என்னும் பொத்தானை அழுத்திவிட்டால், அதன் விளைவு அவர்களோடு நிற்பதில்லை. கூகிள், யாஹூ நிறுவனங்கள் 2024 பிப்ரவரி முதல் அஞ்சல் அனுப்புவோருக்குக் கடுமையான விதிகளை வகுத்துள்ளன. கூகிளின் விதிப்படி இத்தகைய புகார்கள் 0.3 விழுக்காட்டிற்குக் கீழே இருக்கவேண்டும். அதாவது ஆயிரம் கடிதங்களுக்கு மூன்று புகார் என்னும் அளவை எட்டலாகாது. எட்டினால், விரும்பிக் கேட்டவர்களுக்கு எழுதும் கடிதமும் குப்பைப் பிரிவில் போய் விழும். ஒரு லட்சம் அந்நியரைத் தேடிப் போனவர் தம் சொந்த வாடிக்கைக்காரர் ஐந்நூறு பேரையும் இழக்க நேரிடும்.

அவ்விதிகளில் மற்றொன்று, அனுப்புவோர் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்கவேண்டும் என்பது. மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் அடிப்படை ஒழுங்குமுறை 1982-இல் வெளியிடப்பட்டது. அனுப்புவோர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. உறையின் மேல் யார் பெயரையும் யாரும் எழுதிவிடலாம் என்பதே நிலை. இக்குறையைப் போக்கப் பிற்காலத்தில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் எனும் மூன்று ஏற்பாடுகள் தோன்றின. முதலாவது, இக்கடையின் பெயரால் கடிதம் அனுப்ப உரிமை பெற்ற கணிப்பொறிகள் எவை என்று பட்டியலிடுகிறது. இரண்டாவது, கடிதத்தின் மீது மாற்ற முடியாத ஒரு முத்திரையைப் பதிக்கிறது. மூன்றாவது, இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வதென்று பெறும் நிறுவனத்திற்கு அறிவிக்கிறது. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர்க்கு மூன்றும் கட்டாயம். ஒரே அழுத்தலில் விலகிக்கொள்ளும் வசதியையும் அவர்கள் தரவேண்டும். சிறு வணிகரும் இவற்றைச் செய்துகொள்வது நலம். கருவி தரும் நிறுவனத்தின் வழிகாட்டலோடு சில மணி நேரத்தில் செய்து முடிக்கத்தக்க வேலையே அது.

சட்டமும் சம்மதத்தை வற்புறுத்துகிறது. நம் பாராளுமன்றம் 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரது சம்மதம் தடையற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்கு உரியதாகவும், விவரம் அறிந்து, தெளிவான செயலால் தரப்பட்டதாகவும் இருக்கவேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும். சம்மதம் பெற்றதை மெய்ப்பிக்கும் பொறுப்பு, வழக்கு எழுமாயின், வணிகரையே சாரும். இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. மிகப்பெரிய மீறல்களுக்கு ரூ.250 கோடி வரை தண்டம் விதிக்க இச்சட்டம் இடந்தருகிறது. எவர், எந்தத் தேதியில், எந்தப் படிவத்தின் மூலம் சம்மதித்தார் என்னும் பதிவை வணிகர் இன்றே பாதுகாக்கத் தொடங்குவது விவேகம்.

இதே சட்டத்தில் நம் கருத்தைக் கவரும் மற்றொரு கூறு உண்டு. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் கண்ட 22 மொழிகளுள் ஒன்றிலோ படித்தறியும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்கவேண்டும் என்று அது கூறுகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் ஒன்றை அன்றாடம் காண்கிறோம். மூலத்தின் சொல்லுக்குச் சொல் நேர் வைத்து இயற்றிய அறிவிப்பு, சட்டத்தை நிறைவு செய்யலாம், படிப்பவருக்கு விளங்குவதில்லை. 'எங்கள் கடிதம் வேண்டுமா, வேண்டாமா?' என்று கேட்பதற்குப் பத்து வரி தேவையில்லை. ஸிலிகுரி வணிகரின் வாடிக்கைக்காரர்களுள் ஹிந்தி பேசுவோரும் மராத்தி பேசுவோரும் இருக்கக்கூடும். எந்த மொழியில் எழுதட்டும் என்று பதிவின்போதே கேட்டு, அம்மொழியில் பழகியவரைக் கொண்டு கடிதத்தை எழுதச் செய்வது, கருவி தரும் இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அனுப்புவதைவிடச் சிறந்தது. கடிதத்தின் தலைப்பு வரியும் உண்மை பேசவேண்டும். 'கடைசி வாய்ப்பு' என்று திங்கட்கிழமை எழுதியவர், அதையே வியாழக்கிழமையும் எழுதினால், அவருடைய அடுத்த சொல்லை யார் நம்புவார்கள்?

இறுதியாக, இயந்திரத்திற்கு இல்லாத ஒன்றைக் கூறவேண்டும். அது வெளியுலகை அறியாது. 2017 ஜூன் மாதத்தில் டார்ஜிலிங் மலைப்பகுதியில் தனி மாநிலக் கோரிக்கையை முன்னிட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் நூறு நாட்களுக்கு மேல் நீடித்தது. தோட்டங்கள் மூடப்பட்டு, அவ்வாண்டின் இரண்டாம் பறிப்பின் பெரும்பகுதி செடியிலேயே வீணாயிற்று. மறுபடியும் 2020 மார்ச் இறுதியில், கொள்ளைநோயை முன்னிட்டு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, முதற் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில் வேலை நின்றது. அத்தகைய நாளில் நம் வணிகரின் இயந்திரம் என்ன செய்யும்? எழுதி வைத்த கட்டளைப்படி, 'இவ்வாண்டின் புதிய இலை வந்துவிட்டது. இன்றே வாங்குங்கள்' என்று ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடும். கடையிலோ இலை இல்லை. பணம் செலுத்தியவர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். மலையில் கூலியின்றி வாடும் தொழிலாளரைப் பற்றிப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு, உற்சாகம் ததும்பும் அக்கடிதம் அருவருப்பை உண்டாக்கும்.

அதே வணிகர் கருவியை நிறுத்திவிட்டு, தம் கைப்பட நான்கு வரி எழுதியிருந்தால் நிலைமை வேறு. 'மலையில் பறிப்பு நின்றிருக்கிறது. எங்களிடம் சென்ற பருவத்து இலை சிறிது உள்ளது. அதன் தேதியை மறைக்காமல் குறித்து விற்கிறோம். புதிய இலை எப்போது வரும் என்று இன்று சொல்ல இயலவில்லை, வந்ததும் எழுதுகிறோம்.' இக்கடிதம் அன்றைக்கு ஒரு பெட்டியையும் விற்காமலிருக்கலாம். ஆயினும், சரக்கு மீண்டும் வரும் நாளில் அதனைப் படித்தவர்கள் அக்கடையையே முதலில் நினைப்பார்கள். ஆகவே, கருவியைக் கற்கத் தொடங்கும் எவரும், கடிதம் அனுப்பும் முறையைக் கற்பதற்கு முன்பே, எல்லாக் கடிதங்களையும் ஒருசேர நிறுத்தும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒருநாள், அடுத்த ஏழு நாட்களில் செல்லவிருக்கும் கடிதங்களைப் படித்துப் பார்ப்பதும் தவறாத வழக்கமாகவேண்டும்.

தொடங்க விரும்புவோர் எவ்வாறு தொடங்கலாம்? கருவிகள் பல உள்ளன. அமெரிக்காவில் 2001-இல் தோன்றிய மெயில்சிம்ப் அவற்றுள் பெயர்பெற்றது. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனமும் இதற்கென ஒரு கருவியை நடத்துகிறது. குறைந்த முகவரிகள் உடையோருக்குக் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. விதிகள் அடிக்கடி மாறுவதால், சேருமுன் அவற்றைப் படித்தறிவது நன்று. முகவரிகள் முழுவதையும் எந்நேரமும் வெளியே எடுத்துக்கொள்ள வசதி உண்டா என்பதை முதலில் விசாரிக்கவேண்டும். பிறகு, முதல் மாதத்தில் வரவேற்புக் கடிதம் ஒன்றை மட்டும் அமைக்கலாம். அதில் வரும் மறுமொழிகளைப் படித்து, அடுத்த மாதம் பொருள் சேர்ந்த பின் செல்லும் கடிதத்தை அமைக்கலாம். ஆறு கடிதங்களையும் ஒரே நாளில் அமைப்பவருக்கு, எது பயன் தந்தது என்று தெரியாமலே போகும்.

இக்கருவி எல்லோருக்கும் வேண்டுமென்பதில்லை. தெருமுனையில் காய்கறி விற்பவருக்கும், தினமும் முகம் பார்த்துப் பழகும் தையற்காரருக்கும் மின்னஞ்சல் அவசியமன்று. அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ போதும். தொலைதூரத்து மக்களுக்கு விற்பவர், மறுபடி மறுபடி வாங்கத்தக்க பொருளை உடையவர், பொருளைப் பற்றிச் சொல்லத்தக்க செய்தி உள்ளவர் ஆகியோருக்கே இது மிகுந்த பயன் தரும். தேனும் தேயிலையும் விற்பவர், கைத்தறி நெய்பவர், மண்பாண்டமும் விதையும் அனுப்புபவர் முதலியோர் இவ்வகையினர்.

வி.பி.பி. காலத்து வணிகர் ஒரு தபாலட்டைக்குக் காலணா செலவிட வேண்டியிருந்தது. அச்செலவே, யாருக்கு எழுதலாம், எழுதத்தக்க செய்தி உண்டா என்று அவரைச் சிந்திக்கச் செய்தது. இன்று ஆயிரம் கடிதங்களுக்கும் செலவு ஏறக்குறைய இல்லை. ஆகையால் அச்சிந்தனையை வணிகர் தாமே மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்புமுன், இதற்குக் காலணா கொடுக்கவேண்டியிருந்தால் எழுதுவோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ளும் வணிகருக்கு இக்கருவி நல்ல துணையாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.